நான்காம் டிவிஷனின் ஒரே நிருபர்

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் எத்தனையோ பேரை மேலே ஏற்றிவிட்டவர், கால்பந்தில் மட்டும் நான்காம் டிவிஷனை விட்டு மேலே வர மாட்டேன் என்று அடம்பிடிக்கிறார். அவர் ஆடுகிறவர் இல்லை. பார்க்கிறவர், பார்த்ததை உடனுக்குடன் இணையத்தில் எழுதுகிறவர்.

"எங்கயோ ஆடுறவன் என்ன ஷாம்பு போடுறான்னு நெட்ல இருக்கு. நம்ம தெருவுக்குப் பின்னாடி நடக்குற மேட்ச் ஸ்கோர் இல்ல!" என்று ஒருநாள் கொதித்தார். கொதித்த வேகத்தில் தானே ஒரு பக்கம் ஆரம்பித்துவிட்டார். கோல், மஞ்சள் அட்டை, புள்ளிப் பட்டியல் எல்லாம் அதில் உண்டு. நான்காம் டிவிஷனைப் பற்றி வேறு எங்கே என்ன கிடைக்கும் என்பதும் உண்டு. ஒரு கோல்கீப்பரின் அம்மா நடத்தும் வீடியோ சேனலைப் பரிந்துரைத்துவிட்டு, 'மகன் கோல் விட்டால் கேமரா வானத்தைப் பார்க்கும்' என்று கீழேயே எச்சரித்திருக்கிறார்.

சனிக்கிழமை மாலையானால் ஒவ்வொரு மைதானக் காவலாளிக்கும் போன் போகும். தண்ணீர் தேங்கியிருக்கிறதா, வலை கிழிந்திருக்கிறதா, கார் ஓட்டப் பழகுகிறவர்கள் இடத்தைப் பிடித்துவிட்டார்களா என்று துருவித் துருவிக் கேட்பார். கயிற்றைச் சோதிக்காமல் லிஃப்டில் ஆளை ஏற்றக்கூடாது என்ற தொழில் புத்தி. கேட்டு முடித்ததும், லீக் எந்த மைதானத்தைத் தேர்ந்தெடுக்கும் என்று கணித்து, 'நாளை ஆட்டம் பள்ளி மைதானத்தில். குடை அவசியம்' என்று போடுவார். அதற்கு விழும் லைக் ஒன்றே ஒன்று. அதுவும் நான் போடுவது. படித்துவிட்டா போட்டேன்? கூடப்பிறந்த பாவத்துக்குப் போட்டேன்.

அண்ணிக்கு அந்தப் பக்கம் என்றாலே வேப்பங்காய். விழலுக்கு இறைத்த நீர் என்பார். போன வாரம் பொறுமை எல்லை தாண்டிவிட்டது.

"ஒரு வாரம் ஒண்ணும் போடாதீங்க. ஏன் போடலன்னு ஒருத்தராவது கேட்டா, இந்த விஷயத்துல இனி நான் வாயே திறக்க மாட்டேன். யாரும் கேக்கலன்னா கடையைச் சாத்திடணும்."

அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "சரி" என்றுவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை பார்த்து நல்ல மழை. அண்ணன் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாராம். ஞாயிறு மதியம் நான் சாப்பிடப் போனபோது போன் மேஜை நடுவில், குழம்புக்கும் சோற்றுக்கும் இடையில் கிடந்தது. அது ஒலிக்கவே இல்லை. அண்ணன் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியைக் கழற்றிப் போட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால், "பசிக்கல" என்றார்.

முதலில் அண்ணி சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் இருந்தார். நேரம் ஆக ஆக அந்தச் சிரிப்பும் காணாமல் போனது.

"சார்ஜ் இருக்கா அதுல?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இருக்கு."

எனக்குத் தாங்கவில்லை. மொட்டை மாடிக்குப் போய்க் குரலை மாற்றி நானே கூப்பிட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். அப்போதுதான் போன் அலறியது. லீக் செயலாளர். அண்ணன் கையெல்லாம் மிக்ஸி அழுக்கு. நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணே, நல்லாத்தானே இருக்கீங்க? ஏன் ஒண்ணும் போடல? ஒரு டீம் பள்ளி மைதானத்துல நிக்குது, இன்னொரு டீம் மில் மைதானத்துல நிக்குது. ரெஃபரி மேட்சே இல்லன்னு நினைச்சு வீட்ல தூங்குறாரு!"

"எந்த மைதானம்னு நீங்கதானே சார் முடிவு பண்ணணும்?"

"நாங்களா?" செயலாளர் உண்மையாகவே திகைத்துப்போனார். "நாங்களே உங்க பேஜைப் பார்த்துத்தானே போறோம்!"

இத்தனை நாளாக லீக் முடிவு செய்வதை அண்ணன் எழுதுகிறார் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அண்ணனும் அப்படித்தான் நினைத்திருந்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்க்ரூடிரைவரைப் பிடித்தபடி அண்ணியைப் பார்த்தார்.

பந்தயப்படி அண்ணி வாயைத் திறக்கக்கூடாது. அவர் எழுந்தார், கதவுக்குப் பின்னாலிருந்த குடையை எடுத்து மேஜையில் வைத்தார், அண்ணன் தட்டில் சோற்றைப் போட்டார். பிறகு போனைத் தன் பக்கம் இழுத்தார்.

"சார், எல்லாரையும் பள்ளி மைதானத்துக்கு வரச் சொல்லுங்க. அவரு இப்பதான் சாப்பிட உக்காந்திருக்காரு. அவரு வர்ற வரைக்கும் யாரும் பந்தைத் தொடக்கூடாது, சொல்லிட்டேன்!"