கேமராவுக்காகக் கூட்டிப் பெருக்கிய கொட்டகை

வீடியோ எடுக்க வருகிறவர்களுக்காக எதைத் தயார் செய்து வைக்க வேண்டும் என்று யாராவது என்னிடம் கேட்டால், முதலில் கோபம்தான் வருகிறது. பதில் அதற்கு அப்புறம்தான்.

கொட்டகலையில் ஒரு கொட்டகையில் ஆறு பெண்களை வைத்துக் கையால் தேயிலை உருட்டும் சின்னத் தொழில் எனக்கு. வெளிநாட்டில் கடை வைத்திருக்கும் ஒருவர் எங்கள் தேயிலையை ருசி பார்த்துவிட்டு, "உண்மையிலேயே கையால்தான் செய்கிறீர்களா? வீடியோவில் காட்டுங்கள், வருஷம் முழுவதும் வாங்குகிறேன்" என்று எழுதியிருந்தார். அந்த ஆர்டர் கிடைத்தால் ஆறு பேருக்கும் நிரந்தர வேலை. கிடைக்காவிட்டால் அவர்கள் பழையபடி விடிந்ததும் தோட்டத்தில் ஆள் கணக்கெடுத்துக் கூலி வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டியதுதான்.

கொழும்பிலிருந்து வீடியோ எடுக்கும் ஒரு குழுவைப் பிடித்தேன். அதை நடத்தும் தம்பி போனில் சொன்னது ஒன்றே ஒன்று: "எப்பவும் போல வேலை நடக்கணும் அக்கா. வேற ஒண்ணும் வேணாம்." அதை அப்படியே ஆறு பேரிடமும் சொன்னேன். தலையைத் தலையை ஆட்டினார்கள். அதை நம்பி, குழுவை அழைத்து வரக் காலையில் வீட்டிலிருந்து நேரே ஹட்டன் ஸ்டேஷனுக்குப் போனேன்.

திரும்பி வந்து வேனை விட்டு இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். பாதைக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு. வாசலில் காகிதத் தோரணம். தீபாவளிச் சேலையும் தலை நிறையப் பூவுமாக ஆறு பேரும் வரிசையாக நிற்கிறார்கள். மூத்தவள் கையில் மாலை. உள்ளே போனால் தரை பளபளக்கிறது, மேசை வெறுமையாகக் கிடக்கிறது. முந்தின நாள் காலையில் வாட்டுவதற்காக நானே தட்டுகளில் பரப்பி வைத்த கொழுந்தில் ஒன்றுகூட மிச்சமில்லை.

"கொழுந்து எங்கே?" என்றேன்.

"ராவோட ராவா உருட்டி, காய வச்சு, பெட்டியில போட்டு மூடியாச்சுக்கா," என்றாள் மூத்தவள். குரலில் பெருமை வேறு.

"எப்பவும் போல இருங்கன்னுதானே சொன்னேன்!"

"அதுக்காகப் பெரியவங்க வர்ற நேரத்துல குப்பையும் கூளமுமா வச்சிருக்க முடியுமாக்கா? துரை வர்றார்னாலே லயத்து வீட்டு வாசக் கல்லுக்கெல்லாம் வெள்ளை அடிச்சுட்டுத்தானே நிப்போம்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. தோட்டத்தை மேற்பார்க்க வரும் துரை வேறு, கேமரா வேறு என்று எப்படி விளக்குவது? புதிதாகப் பறித்து வந்தாலும் கொழுந்து வாடி உருட்டும் பதத்துக்கு வர ராத்திரி ஆகிவிடும். குழுவுக்கோ மாலையில் நல்லதண்ணி ஊரில் வேறு வேலை. இன்னொரு தடவை அவர்களை வரவழைக்க எனக்கு வசதியும் இல்லை.

கழுத்தில் விழுந்த மாலையோடு அந்தத் தம்பி என் முகத்தைப் பார்த்தான். கடைசியில் பெட்டியைத் திறந்து, காய்ந்த தேயிலையைக் கொட்டி, உருட்டுவது போல் செய்யச் சொன்னான். கைகளை மட்டும் கிட்டத்தில் எடுத்தால் வித்தியாசம் தெரியாது என்றான். தேயிலை மொறுமொறுவென்று நொறுங்கியது. பெண்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு எரிச்சலில் கண்ணீர்தான் வந்தது. வேறு வழியில்லாமல் அதையே அனுப்பினேன்.

கொஞ்ச நாளில் கடைக்காரரின் பதில் வந்தது. இடம் அழகாக இருக்கிறதாம். ஆனால் வீடியோவில் இருப்பவை தேயிலை உருட்டுகிற கைகளே இல்லையாம். நடிக்க ஆள் பிடித்து ஏமாற்றுகிறவர்களிடம் வாங்க மாட்டாராம்.

ஆறு பேருக்கும் வாசித்துக் காட்டினேன். மூத்தவள் மெதுவாகச் சொன்னாள்: "உருட்டி முடிச்சதும் ஆறு பேரும் தேசிக்காய்ப் புளியும் சாம்பலும் போட்டுக் கையைத் தேய்ச்சோம்க்கா. கொழுந்துச் சாறு பட்டுக் கறுத்த கையோட படத்துல நிக்கக் கூடாதேன்னு."

கத்த வேண்டும் போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது என்றுதான் தெரியவில்லை.

"இப்ப எடுத்து அனுப்புங்கக்கா," என்று அவள் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து நீட்டினாள். ரேகைகளிலெல்லாம் கறை திரும்ப ஏறியிருந்தது. போனிலேயே படம் பிடித்து அனுப்பினேன். அவர் பார்த்துவிட்டார் என்று காட்ட இரண்டு நீலக்கோடு விழுந்தது. பதில் வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அவளும் இன்னும் மூன்று பேரும் பெரட்டுக்குப் போய்விட்டார்கள்.