படம் முடிந்த பிறகு ஓடும் பெயர்கள்

லண்டனில் படம் முடிந்ததும் ஆட்களை விரட்ட மாட்டார்கள். துடைப்பமும் குப்பைப் பையுமாகப் பணியாளர்கள் வாசலோரம் வந்து நிற்பார்கள். ஆனால் திரையில் கடைசிப் பெயர் ஏறி மறையும்வரை உள்ளே காலெடுத்து வைக்க மாட்டார்கள். இங்கே வந்து மூன்று வருஷமாகியும் இது எனக்குப் பழகவில்லை. செங்கல்பட்டுப் பக்கம் வில்லன் விழுந்த நொடியே கதவைத் திறந்துவிடுவார்கள். சாயங்கால வெயில் முகத்தில் அடிக்கும், வண்டி எடுக்க எல்லாரும் ஓடுவோம். பெயராவது ஒன்றாவது!

போன வெள்ளிக்கிழமை மாலை, அந்த மந்திரப் பள்ளிக்கூடப் படத்தின் இரண்டாம் பாகத்துக்குத் தனியாகப் போயிருந்தேன். பக்கத்து இருக்கையில் இரண்டு பெண் பிள்ளைகளோடு ஒரு வெள்ளைக்கார அம்மா. படம் முடிந்தும் நான் அசையாமல் இருப்பதைப் பார்த்து, கடைசியில் இன்னும் ஏதாவது வருமா என்று கேட்டார். வரும் என்றேன். கோட்டு மாட்டியிருந்த பிள்ளைகளை மறுபடி உட்கார வைத்தார். என் பெயர் வந்தது, போனது. எல்லாம் முடிந்து விளக்கு எரிந்ததும், ஒன்றுமே வரவில்லையே என்றார் பாவம். வந்து போய்விட்டது என்றேன். எதையோ தவறவிட்டோம் என்று பிள்ளைகளிடம் வருத்தப்பட்டுக்கொண்டே போனார். விளக்கிச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

என் வேலை அப்படிப்பட்டது. குட்டி மந்திரவாதிகள் வகுப்பறைக் கூரைவரை பறக்கிறார்களே, அவர்களை இடுப்பில் கட்டித் தூக்கும் கம்பி ஒவ்வொரு காட்சியிலும் தெரியும். கம்ப்யூட்டரில் அதைத் துடைத்துவிட்டு, பின்னால் மறைந்த சுவரை வரைந்து வைப்பவள் நான். என் வேலை கண்ணுக்குத் தெரிந்தால் நான் ஒழுங்காகச் செய்யவில்லை என்று அர்த்தம். முதல் பாகத்துக்கும் இதே வேலையை நாவலூர் அலுவலகத்தில் உட்கார்ந்து செய்தேன். அம்மா தெருவையே திரட்டிக்கொண்டு போய்ப் பார்த்தாள். அவள் கண்ணில் ஒரு பெயரும் படவில்லை. பட்டியலில் ஆபீஸ் பெயர் மட்டும் இருந்ததாகப் பிறகு ஆபீஸில் சொன்னார்கள். எங்களில் ஒருவர் பெயரும் இல்லை. உன் பெண் அங்கே டீ வாங்கிக் கொடுத்தாளா என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டதை அம்மா நான்கு வருஷமாக மறக்கவில்லை. திருக்கழுக்குன்றத்துப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம் எங்களுடையது. அதில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த முதல் ஆள் நான். அந்தக் கேள்வி அவளுக்கு எப்படிச் செரிக்கும்?

இந்த முறை என் பெயர் வருகிறது என்று சொல்லியிருந்தேன். சனிக்கிழமை மதியக் காட்சிக்கு, ஷேர் ஆட்டோ ஓட்டும் அண்ணனும் அவன் கூட்டாளியும் பதினான்கு பேரைக் கேளம்பாக்கத்துத் தியேட்டரில் கொண்டுபோய் இறக்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரியையும் அம்மா விடவில்லை. அங்கேதான் தப்பு நடந்தது. நம் படங்களில் பெயரெல்லாம் ஆரம்பத்தில்தானே ஓடும்? அரை மணி முன்னாலேயே போய் உட்கார்ந்து, விளம்பரம்கூட விடாமல் கண்கொட்டாமல் பார்த்திருக்கிறார்கள். படத்தின் பெயர் மட்டும் வந்து கதை தொடங்கிவிட்டது. இன்டர்வெல்லில் அம்மா அழைத்தபோது நான் லண்டன் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"இந்த வாட்டியும் உன் பேர எட்த்துட்டானுங்கடி," என்றாள். குரல் உடைந்திருந்தது.

கடைசியில்தான் வரும், எழுந்துவிடாதீர்கள் என்று எத்தனை முறை சொல்லியும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. கதவைத் திறந்து படத்தை நிறுத்திவிடுவார்களே!

நினைத்தபடியேதான் ஆயிற்று. படம் முடியும் நேரத்தில் அண்ணன் மகள் நிலா என்னை அழைத்து ஃபோனை அப்படியே வைத்திருந்தாள். வீடியோ கூடாது, படம் பிடிக்காதே என்று வெளியே எழுதியிருக்கிறது என்று என் அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். நாவலூர் அடுக்குமாடி வாசலில் செக்யூரிட்டி வேலை பார்ப்பவர் வேறு எப்படிச் சொல்வார்? கதவுகள் திறப்பது கேட்டது, செருப்புகளின் சரசரப்பு கேட்டது. இசை பாதியில் நின்றது. அடுத்த ஷோ இருக்கிறது, கிளம்புங்கள் என்று ஓர் ஆள் அதட்டினார்.

அப்பா யாரிடமும் குரல் உயர்த்தியவர் இல்லை. கார் வந்தால் எழுந்து நின்று கேட்டைத் திறந்தே காலம் போனவர். அன்றும் குரல் உயரவில்லை.

"எம் பொண்ணு பேரு வருது தம்பி. அத்தப் பாத்துட்டுத்தான் எழுந்துப்பேன். போடுப்பா."

பிறகு அந்த ஆள் ஆபரேட்டர் அறையைப் பார்த்து ஏதோ கத்தினார். விட்ட இடத்திலிருந்து இசை தொடங்கியது. ஏழாம் வகுப்புப் படிக்கும் நிலா, ஓடும் பெயர்களை உரக்க வாசித்தாள். அத்தனை வெள்ளைக்காரப் பெயர்களும் அவள் வாயில் நொறுங்கின. நான் ஃபோனைக் காதில் அழுத்திப் பிடித்தபடியே நின்றேன். சட்டென்று வாசிப்பு நின்றது.

"ஆயா, அத்தை பேரு! குமுதா ஏழுமலை. தாத்தா, உன் பேரும் கூடவே கீது!"

அடுத்த நொடி ஒரு விசில் பறந்தது. ஹீரோ பெயருக்கு அடிப்பார்களே, அந்த விசில். அண்ணன்தான் என்று நினைத்தேன். கிளம்புங்கள் என்று அதட்டிய அதே ஆள்தான் என்று பிறகு தெரிந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பெருமையாக இருந்தது, அவ்வளவு பெருமையாக இருந்தது; இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

அம்மா ஃபோனைப் பிடுங்கினாள். பக்கத்து வீட்டுக்காரி தன் கண்ணாலேயே பார்த்தாள் என்று இரண்டு முறை சொன்னாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பேரு வந்துட்ச்சி. நீ எப்போ வர்ற?"

மூன்றாம் பாகத்தின் வேலை தொடங்குகிறது என்றேன். ம் என்றாள். அப்படியே மகாபலிபுரம் கடற்கரைக்குப் போகிறார்களாம். ஃபோனை யாரும் அணைக்கவில்லை. பதினான்கு பேரும் ஆட்டோக்களில் ஏறும் கூச்சல் கேட்டது. கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், இன்னும் ஆள் ஏறணும் என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தான். சமையலறை நாற்காலியில் நான் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்.