காலியாக வந்த மாத்திரைப் புட்டிகள்

அந்த மருத்துவமனையின் இரண்டாவது மாடியில், ஒரு காலத்தில் படுக்கை விரிப்புகளை அடுக்கி வைத்திருந்த அறையில்தான் அவளுக்கு வேலை. ஒரு ஜன்னல், ஒரு மேஜை, ரத்தம் பிடித்த சின்னக் குழாய்களை வைத்துச் சுழற்றும் ஒரு இயந்திரம், ஆளுயரத்துக்கு ஒரு உறைபெட்டி. கதவைத் திறந்தால் வெள்ளை ஆவி பறக்கும் அந்தப் பெட்டியால் அவளுக்கு ‘ஃப்ரிட்ஜ் சிஸ்டர்’ என்று பெயர் வந்துவிட்டது. வாட்ச்மேன் முதல் பெரிய டாக்டர்வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். முதலில் கோபம் வந்தது. பிறகு அவளே போனில், “ஃப்ரிட்ஜ் சிஸ்டர் பேசறேன்” என்று சொல்லப் பழகிவிட்டாள்.

இருபத்தெட்டு வருஷம் வார்டில் கால் தரையில் படாமல் ஓடியவள் அவள். படியில் சறுக்கி முழங்கால் சில்லு நகர்ந்த பிறகு, உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று இங்கே மாற்றினார்கள். இனி தாளைப் புரட்டிக்கொண்டு காலம் தள்ள வேண்டியதுதான் என்று அன்றைக்கு வீட்டில் புலம்பினாள். லிஃப்ட் பழுதுபார்க்கும் அவள் கணவன், “ஏறி இறங்கற வேலைக்கு இந்த வீட்டுல நான் ஒருத்தன் போதும். நீ உக்காரு” என்றான்.

உட்கார்ந்த பிறகுதான் அந்த நோயைப் பற்றியே அவளுக்குத் தெரிய வந்தது. கல்லீரலுக்குள் மரத்தின் வேர்போலக் கிளைவிட்டு ஓடும் பித்தக் குழாய்கள், என்ன காரணமென்றே தெரியாமல் புண்ணாகித் தழும்பேறிச் சுருங்கிப்போகின்றன. வெளியேற வழியில்லாத பித்தம் கல்லீரலிலேயே தேங்கி அதைக் கெடுக்கிறது. கண் மஞ்சளாகும், உடம்பெல்லாம் சொறிந்தாலும் அடங்காத அரிப்பு எடுக்கும். பெரியவர்களுக்கே அபூர்வமாக வருகிற நோய். சிறுவர்களில் ஊர் ஊராகத் தேடினாலும் நாலு பேர் கிடைப்பது அரிது. தீர்த்துவைக்கும் மருந்து என்று ஒன்று இல்லை. கடைசியில் வேறொருவர் கல்லீரல் கிடைத்தால் உண்டு.

எங்கெங்கிருந்தோ திரட்டிய அப்படிப்பட்ட முப்பத்தொரு பிள்ளைகள் அந்த அறைக்கு வந்துபோனார்கள். புது மாத்திரை ஒன்று அவர்களுக்கு உதவுமா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில் வெறும் மாவு. யாருக்கு எது என்பது டாக்டருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. எங்கோ தூரத்து அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுப்பது, அரிப்பைத் தினமும் குறித்துவரும் டைரியை வாங்கிப் பார்ப்பது, திரும்பி வரும் புட்டிகளில் மிச்ச மாத்திரையை எண்ணி எழுதுவது, இதெல்லாம் அவள் பொறுப்பு.

முப்பத்தொரு பேரில் ஒருத்திக்கு அவள் முதல் நாளே ‘வக்கீல்’ என்று பெயர் வைத்துவிட்டாள். அப்போது அந்தப் பெண்ணுக்குப் பதினைந்து வயது. சம்மதப் படிவத்தின் பதினாலு பக்கத்தையும் எல்லோரும் புரட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். இவள் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தாள்.

“ஒன்பதாம் பக்கத்துல, ‘எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம்’னு போட்டிருக்கு. விலகினா எனக்கு ஸ்கேன் எடுக்கறதை நிறுத்திடுவீங்களா?”

“வைத்தியம் நிக்காது. ஆராய்ச்சிக்காக எடுக்கற ஸ்கேன் மட்டும் நின்னுடும்.”

“அப்போ அது பாதி விலகல்தானே?”

சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற அவள் அப்பா பக்கத்தில் நெளிந்தார். “சிஸ்டர், தப்பா நினைக்காதீங்க. இவ வாய் காதுவரைக்கும் போகும்.”

“போகட்டும்ண்ணா. கேக்கறவங்ககூட வேலை செய்யறதுதான் எனக்குச் சுலபம்” என்றாள் சிஸ்டர்.

ஒன்றரை வருஷம் ஓடியது. வக்கீலின் ரத்தப் பரிசோதனை எல்லோரையும் புருவம் உயர்த்த வைத்தது. நானூற்றுப் பன்னிரண்டில் இருந்த, கல்லீரல் கேட்டைக் காட்டும் எண் இருநூறுக்கு வந்து, பிறகு தொண்ணூற்றாறுக்கு இறங்கிவிட்டது. டாக்டர், சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கிற அம்மாள், அந்தத் தாளைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தார். நாலு மாதம் கழித்து ஒரு பெரிய மாநாட்டில் பேச வேண்டியிருந்தது. இந்தப் பெண்ணின் வரைபடத்தையும் காட்டலாம் என்றார். பெயின்டர் அப்பாவோ, தான் வேலைசெய்த வீட்டுக்காரர்களிடமெல்லாம், “புது மருந்து சார், என் பொண்ணுக்குக் கேட்டுடுச்சு” என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சிஸ்டருக்கு மட்டும் ஏதோ நெருடியது. மற்ற பிள்ளைகளின் புட்டிகளில் எப்போதும் மிச்சம் இருக்கும். ஒருவனுக்கு ஐந்து, ஒருத்திக்குப் பன்னிரண்டு. மறதி, பரீட்சை, கல்யாண வீடு என்று ஆளுக்கொரு காரணம். வக்கீலின் புட்டிகள் மட்டும் கடைசி இரண்டு முறையும் துடைத்துவைத்த மாதிரி காலியாக வந்தன. மாத்திரை அடிக்கடி உரசி உள்ளே படிகிற தூள்கூட இல்லை. கழுவிக் கொண்டுவந்தது மாதிரி இருந்தது.

எழுதிவிட்டு விட்டிருக்கலாம். ‘மிச்சம்: பூஜ்யம்.’ அதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் அவளுக்கு இருபத்துமூன்று வயதில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. வார்டில் கூட்டம் நெரிந்த ஒரு மத்தியானம், பன்னிரண்டு படுக்கைக்கும் தெர்மாமீட்டரைத் தொடாமலேயே ‘ஜுரம் இல்லை’ என்று எழுதிவைத்தாள். அன்று எல்லோரும் செய்கிற வேலைதான் அது. ஏழாவது படுக்கைக்காரர் மாலையில் ஜுரத்தில் பிதற்றினார். பிழைத்துக்கொண்டார், யாரும் அவளைக் கேட்கவும் இல்லை. கேட்காததுதான் இத்தனை வருஷமாக உறுத்திக்கொண்டிருந்தது.

அடுத்த முறை வக்கீல் வந்தபோது, ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்தியபடி, சிஸ்டர் சாதாரணமாகக் கேட்டாள். அப்பா கீழே சீட்டு வாங்க வரிசையில் நின்றிருந்தார்.

“மாத்திரையை எங்க போடற?”

வக்கீல் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மெதுவாக, “வாஷ்பேசின்ல” என்றாள்.

“எத்தனை நாளா?”

“எட்டு மாசம். அதைச் சாப்பிட ஆரம்பிச்சதுல இருந்து வயிறு சரியில்ல, சிஸ்டர். ஒரு நாளைக்கு ஏழு தடவ, எட்டு தடவ போகுது. கிளாஸ் நடுவுல எந்திரிச்சு ஓடணும். பசங்க சிரிக்கறாங்க. சொன்னா ஆராய்ச்சில இருந்து எடுத்துடுவீங்க. அப்பா அந்த மாத்திரையைத்தான் சாமி மாதிரி நம்பிட்டிருக்கார்.” அவள் குரல் இறங்கியது. “டாக்டர்கிட்ட சொல்லாதீங்க. ப்ளீஸ்.”

சிஸ்டர் பஞ்சின்மேல் ஒட்டுப் போட்டாள். ஒட்டியபடியே கேட்டாள். “சரி, மாத்திரையை நிறுத்தினப்புறம் வயிறு சரியாயிடுச்சா?”

வக்கீல் ஒட்டுப் போட்ட இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

“இல்ல” என்றாள்.

“ரத்தம் போகுதா?”

ஆமாம் என்று தலை மட்டும் அசைந்தது.

சிஸ்டருக்குப் புரிந்துவிட்டது. இந்த நோய் உள்ள பல பேருக்குப் பெருங்குடலிலும் புண் வரும். அது சத்தமில்லாமல் கூடவே வருகிற இன்னொரு நோய். எட்டு மாதமாக மாத்திரையின்மேல் பழியைப் போட்டு அதை மறைத்திருக்கிறாள் இந்தப் பெண்.

“கேளு. இதை நான் டாக்டர்கிட்ட சொல்லித்தான் ஆகணும். மாத்திரைக்காக இல்ல, உன் குடலுக்காக. அப்பாகிட்ட நான் வாயைத் திறக்க மாட்டேன். நீயே சொல்லு. வேணும்னா பக்கத்துல நான் நிக்கறேன்.”

“உங்களை நம்பிச் சொன்னேன்.”

“தெரியும்.”

“அப்படின்னா நீங்க சொல்லக் கூடாது.”

“இதுல நீ ஜெயிக்க முடியாது, வக்கீலம்மா.”

அந்தப் பெண் எழுந்து போய்விட்டாள். சட்டைக் கையை இறக்கிவிடக்கூட இல்லை.

டாக்டர் விஷயத்தைக் கேட்டதும் முதலில் குடல் டாக்டருக்குப் போன் போட்டார். போனை வைத்த பிறகு மாநாட்டுக்குத் தயாராக இருந்த படத்தைத் திரையில் வெகு நேரம் பார்த்தார். “நீங்க கேக்காமலே இருந்திருக்கலாம், சிஸ்டர்” என்றார். அந்த வார்த்தை சிஸ்டரைச் சுருக்கென்று தைத்தது. டாக்டரே சற்றுப் பொறுத்து, “மன்னிச்சுக்குங்க. அது என் வாயில வந்திருக்கக் கூடாது” என்று சொல்லி அந்தப் படத்தை எடுத்துவிட்டார்.

பரிசோதனையில் பெருங்குடல் முழுக்கப் புண். நல்லவேளை, அந்தப் புண்ணுக்கு மருந்து இருந்தது. இரண்டு மாதத்தில் கழிப்பறைக்கு ஓடுவது நின்றது. வக்கீல் ஆராய்ச்சியிலிருந்து விலகவில்லை. மாத்திரை வேண்டாம், ரத்தமும் ஸ்கேனும் மட்டும் தொடரட்டும் என்று எழுதிக் கொடுத்தாள். ஆனால் சிஸ்டருடன் ஒரு வார்த்தை பேசவில்லை. ரத்தம் எடுக்கும்போது கையை நீட்டிவிட்டுச் சுவரைப் பார்ப்பாள். இரண்டு வருஷத்துக்கு மேல் அப்படித்தான் போனது.

ஒரு நாள் அப்பா மட்டும் தனியாக வந்தார். நகக்கண்ணில் நீலப் பெயின்ட். நாற்காலியில் பட்டுவிடப்போகிறது என்று நின்றுகொண்டே பேசினார்.

“மாத்திரையே சாப்பிடலைன்னு பொண்ணு சொல்லுச்சு. அப்போ அந்த நம்பர் எப்படி சிஸ்டர் குறைஞ்சுது?”

“தெரியலண்ணா.”

“டாக்டருக்கு?”

“அவங்களுக்கும் தெரியல.”

“தெரியலன்னு சொல்றதுக்கா புள்ளை உடம்புல இருந்து இத்தனை ரத்தம் எடுத்தீங்க?”

அவர் சண்டை போடவில்லை. உண்மையாகவே கேட்டார். அதனால்தான் பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது. சிஸ்டர் எழுந்து, தன் நாற்காலியில் பழைய செய்தித்தாளை விரித்து அவரை உட்காரவைத்தாள்.

“தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லியிருந்தோம்னா, இந்த மாத்திரையை இன்னும் எத்தனையோ புள்ளைங்களுக்குக் கொடுத்திருப்பாங்க. அது வேலை செய்யாமலே இருந்திருக்கலாம். உங்க பொண்ணு உண்மையைச் சொன்னதாலதான் எங்களுக்கு அந்தச் சந்தேகமே வந்துது.”

அவர் தலையைக் குனிந்து நகத்தைச் சுரண்டினார். “ஊரெல்லாம் சொல்லி வெச்சிட்டேனே” என்றார். போகும்போது செய்தித்தாளை நாலாக மடித்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அவர் கேட்ட கேள்வி டாக்டரையும் விடவில்லை. மருந்தில்லாமலே ஒருத்திக்கு எண் இறங்குமென்றால், மற்றவர்களுக்கும் முன்பே அப்படி இறங்கியிருக்குமோ? அதைப் பார்க்கப் பழைய காகிதங்கள் வேண்டும். சிஸ்டர் மூன்று மாதம் அடித்தளத்து ஆவண அறையில் தூசியோடு தூசியாகக் கிடந்தாள். மாத்திரை தொடங்குவதற்கு முந்தைய வருஷங்களின் ரத்த முடிவுகளைப் பிள்ளைவாரியாகத் தோண்டி எடுத்தாள். முழங்கால் வீங்கியது. ஒன்பது பேருக்கு, எந்த மருந்தும் இல்லாமல், எண் தானாகப் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. சிலருக்கு மறுபடி ஏறியிருந்தது; சிலருக்கு ஏறவில்லை.

ஆராய்ச்சி முடிந்து ரகசியப் பட்டியலைத் திறந்தபோது, மருந்து சாப்பிட்டவர்களுக்கும் மாவு சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. வக்கீலின் புட்டியில் இருந்தது மாவு. மருந்து தோற்றுப்போனது. ஆனால் அந்த ஒன்பது பேரைப் பற்றிய சின்னக் கட்டுரை அச்சில் வந்தது. இளம் வயதில் இந்த நோய் தானே ஏறி இறங்கும். எண் இறங்கியதை மட்டும் வைத்து மருந்து வென்றது என்று யாரும் சொல்லிவிட வேண்டாம் என்பதுதான் சாரம். எழுதியவர்களில் நாலாவது பெயர் சிஸ்டருடையது.

வீட்டில் அதைக் காட்டினாள். கணவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் எண்ணினான். “நாலாவது ஆளா? பரவாயில்ல. சின்ன லிஃப்ட்ல நாலு பேருக்குத்தான் இடம். நீ ஏறிட்ட” என்றான். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. பிறகு சிரிப்பு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் நீர் நிற்கவில்லை. முப்பத்தொரு பேரில் இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை. அவர்களிடம் எடுத்த ரத்தம் குழாய்களில் இன்னும் அவளுடைய உறைபெட்டியில் இருந்தது.

வக்கீல் பேச ஆரம்பித்தது பத்தொன்பதாம் வயதில். பித்தக் குழாய் ஒன்று அடைத்துக் குளிர்ஜுரத்தோடு படுக்கையில் கிடந்தாள். வாய் வழியாகக் குழாய் விட்டு அடைப்பை விரித்தார்கள். மயக்கம் தெளிந்தபோது பக்கத்து நாற்காலியில் சிஸ்டர் இருந்தாள்.

“உங்களுக்கு வேற வேலை இல்லையா?” என்றாள், கரகரத்த குரலில்.

“இல்ல.”

“பொய்.”

“சரி, இருக்கு. அப்புறம் பாத்துக்கறேன்.”

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டாள். “உங்கமேல இன்னும் கோபம்தான்.”

“இருக்கட்டும். தண்ணி வேணுமா?”

“வேணும்.”

இப்போது அவளுக்கு இருபத்திரண்டு. வக்கீலாகவில்லை, டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறாள். அவளுடன் ஒருமுறை உட்கார்ந்தால் ஆயுசுக்கும் இண்டிகேட்டர் போட மறக்க மாட்டார்கள் என்று பேச்சு. கண்ணில் லேசான மஞ்சள் நிலைத்துவிட்டது. கல்லீரல் மாற்று இப்போதைக்குத் தேவையில்லை, ஒரு நாள் தேவைப்படலாம் என்கிறார்கள். அது என்று என்பதை யாராலும் சொல்ல முடியவில்லை.

போன மாதம் வேறொரு மாத்திரைக்கு ஆராய்ச்சி தொடங்கியது. வக்கீல் வேலைக்கு நடுவில், சாவிக்கொத்து கையில் குலுங்க, இரண்டாவது மாடிக்கு வந்தாள். படிவம் இந்தத் தடவை இருபத்தொரு பக்கம். ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தாள். சிஸ்டர் குறுக்கே பேசாமல் குழாய்களில் எண் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“பதினேழாம் பக்கத்துல, ‘வேறு உபாதை ஏதும் இருந்தால் உடனே தெரிவிக்கவும்’னு இருக்கே. யார்கிட்டன்னு போடல.”

“என்கிட்ட.”

“நீங்க ரிட்டயர் ஆனா?”

சிஸ்டர் நிமிர்ந்தாள். ஓய்வுக்கு இன்னும் பதினாலு மாதம்தான் என்பது அவள் மறந்திருந்த விஷயமல்ல. “அப்போ வர்ற ஆளுகிட்ட” என்றாள். “நல்ல ஆளாப் பாத்துத்தான் போடுவாங்க.”

“எழுதிக் கொடுங்க.”

சிஸ்டர் பேனாவை எடுத்து அந்த வரியின் ஓரத்தில் தன் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதினாள். கொஞ்சம் யோசித்து, வீட்டு எண்ணையும் சேர்த்தாள். வக்கீல் அதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பிறகு, இரண்டு மணிக்கு ஒரு அம்மாவுக்கு ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும், சீக்கிரம் ஆகட்டும் என்று சொல்லி, இடது கையை மேஜைமேல் நீட்டினாள்.