குண்டூசி டப்பாவில் இருந்த மாத்திரை

மூன்று வருடங்களுக்கு முன், தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தபோது, தி.நகரில் நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் நடந்தது இது. அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. போகவும் வேண்டாம்.

இரண்டாவது மாடி பட்டுப் புடவைப் பிரிவுக்கு அப்போது நான்தான் பொறுப்பு. சாதாரண நாளில் ஒரு மணிக்கு ஆரம்பித்து, ஐந்தைந்து பேராக மொட்டைமாடிக்குப் போய்ச் சாப்பிட்டு வருவோம். தீபாவளி நெருங்கிவிட்டால் அந்தப் பேச்சே கிடையாது. கூட்டம் குறைந்ததும் போகலாம் என்பார் மேனேஜர். அந்த நேரத்தில் தி.நகரில் கூட்டம் எப்போது குறைந்திருக்கிறது? நாலரை மணிக்கு டிபன் பாக்ஸைத் திறந்தால் சோறு ஊசிப்போய் வாடை அடிக்கும். ஊழியர்கள் உட்கார வசதி செய்ய வேண்டும் என்று சட்டம் வந்ததால் கவுன்டருக்குப் பின்னால் ஸ்டூல் போட்டிருந்தார்கள். அதில் புடவைக் கட்டுகள் உட்கார்ந்திருந்தன. நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.

வயிறு எரியாமல் என்ன செய்யும்? பெரிய புத்திசாலி மாதிரி அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். விலைச்சீட்டைக் குத்தி வைக்கும் குண்டூசி டப்பாவிலேயே கேஸ் மாத்திரை அட்டைகளைப் போட்டு வைத்திருப்பேன். வயிற்றில் அமிலம் சுரப்பதைக் குறைக்கும் மாத்திரைதான். மருந்துக்கடையில் டாக்டர் சீட்டு கூடக் கேட்காமல் கொடுத்துவிடுகிறார்கள். பன்னிரண்டு மணி வாக்கில் "யாருக்கெல்லாம் எரியுது?" என்று கேட்டு ஆளுக்கொன்று பிய்த்துக் கொடுப்பேன். எல்லோரும் என்னை 'டாக்டரம்மா' என்பார்கள். எனக்கு ஒரே பெருமை. மேனேஜருக்கும் என்மேல் தனி மரியாதை. பின்னே, சாப்பிடாமல் நிற்க வைக்கும் வேலையை அவருக்காக நானல்லவா செய்துகொண்டிருந்தேன்!

என் பக்கத்துக் கவுன்டரில் ஒருத்தி. திருவல்லிக்கேணிக்காரி, என்னைவிட நாலு வயது சின்னவள். நின்று நின்று முழங்கால் வீங்கிப்போய், காலையில் வெறும் டீயோடு வலி மாத்திரை போட்டுக்கொண்டு வருவாள். மத்தியானம் என் மாத்திரை. ஒருநாள் பாத்ரூம் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"எக்கா, ரெண்டு நாளா வெளிய போனா கருப்பா தார் மாரி கீதுக்கா. இன்னான்னே தெர்ல."

கண்டதையும் தின்றால் அப்படித்தான் என்றேன். சாப்பிடவே விடாத இடத்தில் நின்றுகொண்டு அதை எந்த வாயால் சொன்னேனோ! இன்னொரு மாத்திரையைக் கொடுத்து, போய் வேலையைப் பார் என்று அனுப்பிவிட்டேன்.

அதற்கு மூன்றாம் நாள் மத்தியானம், மூன்று மணி இருக்கும். மயிலாப்பூரிலிருந்து ஒரு வயதான மாமி வந்து அவளிடம் நாற்பது புடவைக்கு மேல் பிரிக்க வைத்துவிட்டார். அந்த பார்டர் வேண்டாம், இந்தக் கலர் வேண்டாம். நான் மனசுக்குள் மாமியைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் இவள் கவுன்டருக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். மேனேஜர் படியேறி வருவது தெரிந்தது. எழுந்திருடி, பார்க்கிறார் என்று பல்லைக் கடித்தேன். பாவம், எழுந்தாள். எழுந்தவள் அப்படியே முன்னால் சாய்ந்து வாந்தி எடுத்தாள். விரித்துக் கிடந்த சந்தனக் கலர்ப் பட்டின்மேல், காப்பிப்பொடி கரைத்த மாதிரி, நடுவில் சிவப்பாக.

"புடவைய எடுங்கம்மா மொதல்ல!" என்று கத்தினார் மேனேஜர்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? புடவையைத்தான் எடுத்தேன். பதினெட்டு வருடப் பழக்கம். இரண்டு கையாலும் முந்தானையைச் சுருட்டி இழுத்தேன். என் கண்ணெதிரே அவள் சரிந்தாள், அவள் தலை கவுன்டர் விளிம்பில் இடித்தது.

"புடவை கெடந்துட்டுப் போறது! அவளப் பிடிம்மா!"

அந்த மாமிதான். அந்த வயதில் கவுன்டரைச் சுற்றிக்கொண்டு உள்ளே ஓடி வந்து, அவளை மடியில் சாய்த்துக்கொண்டார். தன் புடவையில் வாந்தி பட்டதைக் கூடப் பார்க்கவில்லை. தன் காரிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் அவர்தான்; நானும் கூட ஏறிக்கொண்டேன். யாரைத் திட்டிக்கொண்டிருந்தேனோ, அவர்!

வயிற்றில் ஆழமான புண், அதிலிருந்து ரத்தம் கசிந்திருக்கிறது என்றார் டாக்டர். கருப்பாகப் போனதும் ரத்தம்தானாம். அன்றே வந்திருக்க வேண்டும் என்றார். வெறும் வயிற்றில் போட்ட வலி மாத்திரை உள்ளே புண்ணாக்கியிருக்கிறது, கேஸ் மாத்திரை எரிச்சலை மட்டும் அடக்கிக் காட்டியிருக்கிறது. "யார் குடுத்தா இத?" என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் கோபப்படாமல் பொறுமையாகத்தான் பேசினார். இது புண்ணை ஆற்றும் நல்ல மருந்து, ஆனால் யாருக்கு, எத்தனை நாளைக்கு என்று பார்த்துக் கொடுக்க வேண்டியது, சாப்பாட்டுக்குப் பதிலாகக் கொடுப்பதற்கில்லை என்றார். அதே மருந்தைத்தான் அவளுக்கு நரம்பில் ஏற்றினார்கள். பாட்டிலின்மேல் எழுதியிருந்த பெயரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

சாயந்திரம் மேனேஜர் போன் செய்தார். எப்படி இருக்கிறாள் என்று கேட்பார் என நினைத்தேன். "நாளைக்கு வந்துருவாளாம்மா?" என்றார். ஆஸ்பத்திரி வராந்தா என்றும் பார்க்காமல், வாயில் வந்ததையெல்லாம் கேட்டுவிட்டேன். மறுநாள் குண்டூசி டப்பாவை அவர் மேஜையில் கவிழ்த்துவிட்டு, ஒரு மணிக்கு என் பிரிவில் ஐந்து பேரைச் சாப்பிட அனுப்பினேன். வாடிக்கையாளர்கள் காத்திருந்தார்கள். ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. தீபாவளி முடிந்ததும் என்னைக் கீழ்த்தளத்துக் கைக்குட்டைப் பிரிவுக்கு மாற்றினார்கள். போங்கடா என்று போனேன்.

அவள் பிழைத்துவிட்டாள். இப்போது வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள், உட்கார்ந்துகொண்டு. பார்க்கப் போனால் முதல் வேலையாகத் தட்டில் சோறு போடுகிறாள். "நீ நல்லதுக்குத்தானே குடுத்த, வுடுக்கா" என்கிறாள். தலை இடித்த தழும்பு புருவத்துக்கு மேல் இருக்கிறது. சோற்றைப் பிசைந்துகொண்டே அதைப் பார்ப்பேன்.

மேனேஜர்மேல் இருந்த கோபம் கூட ஒருநாள் ஆறிவிடும்; அவள் விழும்போது புடவையைப் பிடித்த இந்த இரண்டு கைகள்மேல் இருக்கிறதே, அது எனக்கு ஆறவே ஆறாது.