நம்பர் கொடுக்கும் பெட்டி என்ன எழுதியிருக்கிறது?

நெட் நன்றாக ஓடுகிறது என்று சொல்வதற்காக யாரும் எனக்குப் போன் செய்ததில்லை. இந்தத் தொழிலில் போன் அடித்தாலே எங்கோ ஏதோ நின்றுபோயிருக்கிறது என்று அர்த்தம். அருப்புக்கோட்டையில் இருந்துகொண்டு சுற்றுவட்டாரத்து ஆபீஸ், கடை, மில்லுக்கெல்லாம் நெட்வொர்க் பார்த்துக் கொடுக்கிறேன். உங்களில் யாராவது இதே வேலையில் இருந்தால் நான் சொல்லாமலே தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம்.

ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டரை ஆன் செய்தால் அதற்கு ஒரு நம்பர் வேண்டும். அந்த நம்பரைக் கொடுக்கிற பெட்டிக்குள் ஓடுவதுதான் டி.ஹெச்.சி.பி. சர்வர். அது கேட்டது, கொடுத்தது, மறுத்தது எல்லாவற்றையும் நேரம் போட்டு வரி வரியாக எழுதிவைக்கும். அதற்கு லாக் என்று பெயர். டிஸ்கவர் என்றால், ‘நம்பர் குடுக்க யாராச்சும் இருக்கீகளா?’ ஆஃபர் என்றால், ‘இந்தா, இது இருக்கு.’ ரிக்வெஸ்ட் என்றால், ‘சரி, அதையே குடுங்க.’ அக் என்றால், ‘எடுத்துக்க.’ இந்த நாலும் வரிசையாக வந்துவிட்டால் எனக்கு அங்கே வேலை இல்லை.

பக்கத்து அறையில் நிலக்கடலை

திருச்சுழியில் சான்றிதழுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் சின்னக் கடை ஒன்று. நடத்துகிறவர் பெயர் சாந்தி. மூன்று கம்ப்யூட்டரில், ஸ்கேனர் மாட்டி விண்ணப்பம் போடுகிற ஒன்று மட்டும் நாலு நாளாக நெட்டுக்குப் போகவில்லை என்று கூப்பிட்டார். மகளைக் காலேஜில் சேர்க்க வருமானச் சான்றிதழ் கேட்டு வந்த ஒரு பெரியவர் காலையிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். விண்ணப்பம் போட்ட ரசீதைக் காலேஜில் காட்ட அன்றுதான் கடைசி நாள்.

லாக்கைத் திறந்தேன். டிஸ்கவர், ஆஃபர். மறுபடி டிஸ்கவர், ஆஃபர். பக்கம் பக்கமாக இதே இரண்டு வரிதான். ரிக்வெஸ்ட் என்று ஒன்றுகூட இல்லை. கம்ப்யூட்டர் கேட்பது பெட்டிக்கு எட்டுகிறது. பெட்டி கொடுப்பது கம்ப்யூட்டருக்கு வந்து சேரவில்லை. அப்படியென்றால் கோளாறு நடுவில், வயரில். வயரைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனேன். பக்கத்து அறையில் நிலக்கடலை மூட்டை அடுக்கியிருந்தார்கள். மூட்டைக்குப் பின்னால் எலி வயரைப் பாதி கடித்துவிட்டு மீதியை அப்படியே விட்டிருந்தது. வயரை மாற்றியதும் நாலு வரியும் ஒழுங்காக வந்தன. விண்ணப்பமும் போய்ச் சேர்ந்தது. நடந்ததைச் சாந்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் சொன்னார்: “அங்கிட்டு குடுத்தேங்கிறாக, இங்கிட்டு வந்து சேரலங்கிறோம். வறட்சி நிவாரணம் கணக்காத்தான் இருக்கு.”

நாற்பத்தைந்தாம் நம்பர்

டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. கீழே லேப், மேலே வார்டு. லேபில் கம்ப்யூட்டரைத் தட்டினால் மேலே பிரிண்டரில் ரிப்போர்ட் வர வேண்டும். ஒரு வாரமாகக் காலை நேரத்தில் மட்டும் வரவில்லை. காய்ச்சல் சீசன்; ரத்தத்தில் தட்டணு எத்தனை என்று தெரிந்தால்தான் டாக்டர் அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுப்பார். லேபில் இருக்கும் பாண்டிச்செல்வி ரிப்போர்ட்டைக் கையால் எழுதி எடுத்துக்கொண்டு, ஒரு காலைக்குள் இருபது முப்பது தடவை மாடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

லாக்கில் டிக்லைன், டிக்லைன் என்று வந்திருந்தது. ‘இந்த நம்பர் வேண்டாம், இதில் ஏற்கெனவே ஆள் இருக்கு’ என்று கம்ப்யூட்டர் திருப்பிக் கொடுப்பதுதான் அது. எல்லாம் நாற்பத்தைந்தாம் நம்பருக்கே. வார்டு பிரிண்டருக்கு யாரோ நிரந்தரமாக அந்த நம்பரைப் போட்டுவிட்டு, பெட்டியிடம் சொல்லாமல் போயிருக்கிறார்கள். ஒரு வாரமாக ராத்திரியில் பிரிண்டரை அணைத்துவைக்கிறார்கள்; அந்த நேரத்தில் நம்பர் காலியாக இருக்கிறது என்று நினைத்து, பெட்டி அதை ரிசப்ஷன் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிடும். அதன்பிறகு பிரிண்டரை ஆன் செய்தால் ஒரே நம்பருக்கு இரண்டு பேர். லேப் அனுப்பும் ரிப்போர்ட் ரிசப்ஷனுக்குப் போய் அங்கே காணாமல் போகும்.

அந்த நம்பரை இனி யாருக்கும் கொடுக்காதே என்று பெட்டியில் எழுதிவைத்தேன். ஐந்து நிமிட வேலை. அதோடு கிளம்பியிருக்கலாம். பாண்டிச்செல்வியின் வீங்கிய காலைப் பார்த்த பிறகு மறைக்க மனம் வரவில்லை. பிரிண்டருக்குக் கையால் நம்பர் போட்ட அந்த ‘யாரோ’ நான்தான், போன வருஷம் அவசரத்தில் செய்தது என்று சொல்லிவிட்டேன். பாண்டிச்செல்வி கோபப்படவில்லை. “அதான பாத்தேன், மிஷினுக்கு இவ்வளவு தூரம் புத்தி போகாதேன்னு” என்றார்.

மாப்பிள்ளை கொண்டுவந்த பெட்டி

வீரசோழனில் ஒரு மொத்த வியாபாரக் கடை. முதலாளி இஸ்மாயில் பாய். பில் போடும் நாலு கம்ப்யூட்டரும் ஒன்று மாற்றி ஒன்று நின்றுபோகிறது, சரக்கு ஏற்ற வந்த வண்டியெல்லாம் வாசலில் நிற்கிறது என்று போன். லாக்கில் நாக், நாக் என்று வந்திருந்தது. ‘நீ சொல்ற நம்பரு நம்ம கடை நம்பரே இல்ல, போ’ என்று பெட்டி விரட்டுவதுதான் நாக். அப்படியென்றால் கடைக்குள் வேறு ஏதோ ஒரு பெட்டி தன் இஷ்டத்துக்கு நம்பர் கொடுத்துக்கொண்டிருக்கிறது. தேடினால் அத்தர் பாட்டில் அலமாரிக்கு மேலே புத்தம்புதிய வைஃபை பெட்டி, நாலு கொம்போடு. துபாயிலிருந்து வந்த மாப்பிள்ளை மாமனாருக்காக வாங்கிவந்து, தானே மாட்டிவிட்டுத் துபாய்க்கே திரும்பியிருக்கிறார்.

கழற்றிவிடவா என்று கேட்டேன். பாய் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கழற்ற வேண்டாம், நம்பர் கொடுக்கிற வேலையை மட்டும் அதில் நிறுத்திவைக்கிறேன், அது பாட்டுக்கு அங்கே இருக்கட்டும் என்றேன். அவர் முகம் தெளிந்தது. “வெளக்கு எரியுமுல்ல தம்பி? அது போதும். மாப்ள வீடியோ கால்ல வந்தா வெளக்கத்தான் பாப்பாக.”

மூணே முக்கால்

இது சிரிக்கிற சங்கதி இல்லை. அருப்புக்கோட்டையில் நூல் வியாபாரம் செய்கிற ஒரு முதலாளி. நெசவுக் குடும்பம், வீட்டில் தெலுங்கு பேசுவார், கடையில் தமிழ். ஆபீஸ் கம்ப்யூட்டரில் சேலை டிசைன் எல்லாம் வைத்திருந்த ஃபோல்டரைக் காணோம். அவருடைய தங்கை மகனுக்குக் கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரியும். அவர் லாக்கைத் திறந்து பார்த்து, செவ்வாய்க்கிழமை விடியக்காலம் மூணே முக்காலுக்கு அந்தக் கம்ப்யூட்டர் நம்பர் வாங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார். அந்த நேரத்தில் சாவி வைத்திருந்தது வாட்ச்மேன் கருப்பசாமி மட்டும்தான். மல்லாங்கிணறிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர், ஒன்பது வருஷமாக அங்கே வேலை. “இனி வர வேண்டாம்” என்று முதலாளி சொல்லிவிட்டார். நாலு நாள் கழித்து, கம்ப்யூட்டருக்கு நல்ல பாஸ்வேர்டு போட வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

அந்த ஒரு வரியை என்னிடமும் பெருமையாகக் காட்டினார்கள். நான் அதற்கு மேலேயும் கீழேயும் பார்த்தேன். புதன்கிழமையும் மூணே முக்கால். வியாழன், மூன்று நாற்பத்தெட்டு. கணக்குப்பிள்ளை போன், டைப் அடிக்கிற பெண்ணின் போன், முதலாளி போன் எல்லாமே விடியக்காலம் நாலு மணிக்குள் ஆஜர். “உங்க ஆபீஸ்ல எல்லாரும் மூணே முக்காலுக்கா வேலைக்கு வாராக?” என்று கேட்டேன். பெட்டியை மாட்டியபோது அதில் நம் ஊர் நேரத்தை யாரும் வைக்கவில்லை. அது லண்டன் பக்கத்து நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தரை மணி நேரம் கூட்டினால் காலை ஒன்பதேகால். தினமும் ஆபீஸ் திறக்கிற நேரம். ஃபோல்டர் எங்கும் போகவில்லை; யாரோ மவுஸில் இழுத்து, பக்கத்து ஃபோல்டருக்குள் போட்டுவிட்டிருந்தார்கள்.

முதலாளி உடனே கிளம்பினார். “நீங்களும் வாங்க, எனக்கு இதை விளக்கத் தெரியாது” என்று என்னையும் பைக்கில் ஏற்றிக்கொண்டார். கருப்பசாமி தன் காட்டில் சீமைக்கருவேலம் வெட்டிக்கொண்டிருந்தார். நான் லண்டன் நேரம், நம் நேரம் என்று விளக்கினேன். அவர் அரிவாளைக் கீழே வைக்காமல் கேட்டார். முதலாளி அவர் கையைப் பிடித்து, “தப்பு எம்மேலதான், மனசுல வச்சுக்கிறாதீக” என்றார். கருப்பசாமி மறுநாளே வேலைக்கு வந்தார். ஆனால் அங்கே காட்டில் நின்று அவர் சொன்னது இதுதான்: “மூணே முக்காலுக்கு நான் முழிச்சுத்தான மொதலாளி இருக்கேன், யாரு வந்தாகன்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுல்ல?”

இடமில்லை

விருதுநகர் போகிற ரோட்டில் ஒரு நூற்பு மில். ஆபீஸில் இருப்பது இருபது கம்ப்யூட்டர். பெட்டியிடம் இருப்பது இருநூறு நம்பர். ஆனாலும் ஒரு வாரமாக ஆபீஸில் பாதிப் பேருக்கு நெட் இல்லை. ‘நோ ஃப்ரீ லீஸஸ்’ என்றது லாக். கொடுக்க நம்பர் இல்லை என்று அர்த்தம். வாங்கியவர்கள் பட்டியலைப் பார்த்தால் எல்லாம் போன். சிலதில் பெண் பிள்ளைகளின் பெயரே இருந்தது. கணக்கு அறையின் சுவருக்கு அந்தப் பக்கம், மில்லில் வேலை செய்கிற பிள்ளைகளின் ஹாஸ்டல். இரண்டு மணிக்கு ஷிப்டு முடிந்ததும் பிள்ளைகள் அந்தச் சுவரை ஒட்டி வரிசையாக நின்று போன் பேசுவதை ஜன்னலிலிருந்து நானே பார்த்தேன். பத்து நிமிஷம் பேசினாலும் அந்த நம்பர் எட்டு நாளைக்கு அந்தப் போனுக்கே என்று பெட்டி எடுத்துவைத்துவிடும். அதை ஒரு மணி நேரமாகக் குறைத்தேன்; நெட் வந்துவிட்டது.

மேனேஜர் விடவில்லை. “பேரு லிஸ்ட் எடுத்துக் குடுங்க, ஊருக்கு அனுப்பிர்றேன்” என்றார். போனில் யார் எந்தப் பெயரையும் வைத்துக்கொள்ளலாம், இதை நம்பி ஆள் பிடிக்க முடியாது என்றேன். அது உண்மைதான், ஆனால் அதற்காக மட்டும் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை. லிஸ்ட் கொடுக்காவிட்டால் அந்த மில் வேலை என் கையைவிட்டுப் போகும் என்று தெரிந்தது. “நான் ரிப்பேருக்கு வந்தேன் சார், விசாரணைக்கு வரல” என்று பையை எடுத்துவிட்டேன். அதற்குள் அவர் ஹாஸ்டல் வார்டன் அம்மாவைக் கூப்பிட்டிருந்தார். பிறகு யாரையும் ஊருக்கு அனுப்பவில்லை. அடுத்த வாரம் ஹாஸ்டலுக்குத் தனி இணைப்பு போட என்னையே கூப்பிட்டார்கள். அதற்கு என் விளக்கம் காரணமில்லை. வார்டன் அம்மா வந்து நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னதுதான் காரணம்: “பாஸ்வேர்டு குடுத்தது நாந்தான் சார். ஒரு பிள்ளைக்குத்தான் குடுத்தேன், அவ அம்மாவுக்கு ஆபரேசன். மத்த பிள்ளைகளுக்கும் அம்மா இருக்குங்கிறது அப்ப எனக்கு யோசனை வரல.”

லாக் படிக்க ஆறு மாதத்தில் பழகிவிடலாம். படித்ததை யாரிடம் எவ்வளவு சொல்வது என்பதற்குத்தான் இன்னும் எந்தக் கம்பெனியும் கையேடு போடவில்லை.