கவர் பிரிச்சாச்சுங்களா, அம்மிணி?

ராசிபுரத்திலிருந்து திருச்செங்கோடு போகும் பஸ்ஸில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்ததை கோகிலவாணி எனக்குப் போனில் சொன்னாள்.

"அந்தக் காலேஜ்ல எலி மூளையக் கரைக்கற மருந்து வெச்சிருக்காங்களாமா. கூண்டு கழுவற ஆளு மேல அந்த ஊசி ஏறிப்போச்சாமா. இப்ப கட்டுன பொண்டாட்டி பேரு கூட வாயில வரமாட்டேங்குதாமா."

"எங்கூட்டுக்காரருக்கு ஊசி போடாமயே வரமாட்டேங்குது" என்றாளாம் பக்கத்தில் இருந்தவள். பின் சீட்டுவரை சிரித்தார்களாம். கோகிலவாணிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நானும் அவளும் அதே கல்லூரியில் ஒன்றாக ஆராய்ச்சி செய்தவர்கள். அவள் அங்கேயே வேலையில் சேர்ந்துவிட்டாள். நான் ஜெர்மனிக்கு வந்துவிட்டேன். கூண்டு கழுவும் ஆள் யாரென்று இருவருக்கும் தெரியும்.

மாதையண்ணன்.

ஓமலூர்ப் பக்கம் பிறந்தவர். பதினெட்டு வயதில் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஏறி, மத்தியப் பிரதேசம், ஜார்க்கண்ட் என்று இருபது வருஷம் ஆழ்துளைக் கிணறு போட்டார். கம்ப்ரசர் இரைச்சலில் இரண்டு காதும் பாதி போய், ஊர் திரும்பி, எங்கள் கல்லூரி விலங்குக் கூடத்தில் வேலைக்கு வந்தார். கூண்டுக்கு உமி மாற்றுவது, தீனி வைப்பது, தண்ணீர்ப் புட்டி கழுவுவது. எலியைக் கையில் எடுத்தால் அது கடிக்காது. என்னைக் கடிக்கும். "பயந்துட்டே புடிச்சா அதுக்கும் பயமாத்தானுங்க இருக்கும்" என்பார்.

என் ஆராய்ச்சி எலியின் மூளையில். ஒரு செடியின் விதையிலிருந்து எடுத்த நஞ்சை ஒரு புரதத்தோடு பிணைத்திருப்பார்கள். அந்தப் புரதம் எலி மூளையில் ஒரே வகை செல்லை மட்டும் தேடிப்போய் ஒட்டும். ஒட்டியதும் செல் அந்த நஞ்சையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும். சில நாளில் செத்துவிடும். அண்டையில் இருக்கும் மற்றவை பெரும்பாலும் தப்பிவிடும். அந்த ஒரு வகை செல் இல்லாமல் போனால் எலிக்கு எது முடியாமல் போகிறது என்று பார்ப்பதுதான் வேலை. மயக்கம் கொடுத்து, தலையைச் சட்டத்தில் பொருத்தி, மண்டை ஓட்டில் துளி அளவு ஓட்டை போட்டு, தலைமயிர் போன்ற ஊசியால் செலுத்துவோம்.

முதல் எலிக்கு நான் ஓட்டை போட்டபோது அவர் பக்கத்தில் விளக்கைப் பிடித்திருந்தார்.

"எத்தன அடிங்க அம்மிணி?"

"ஏழு மில்லிமீட்டருங்கண்ணா."

"மண்ணு சரியாம கேசிங் பைப்பு எறக்கோணுமுங்களா?"

சிரிப்பில் என் கை ஆடிவிட்டது. அன்று வேலையை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனோம்.

இரண்டு வாரம் கழித்து எலிகளைப் பெரிய தொட்டியில் நீந்த விடுவோம். பால்பவுடர் கலந்த தண்ணீருக்குள் ஒரு மேடை மறைந்திருக்கும். நல்ல எலி நாலைந்து நாளில் அதைக் கண்டுபிடித்து நேராகப் போய் ஏறிக்கொள்ளும். நஞ்சு ஏறியவற்றில் பல, சுவரை ஒட்டியே சுற்றிச் சுற்றி வரும். நேற்று ஏறிய மேடையைத் தாண்டிப் போகும். ஒரு நிமிஷம் ஆனதும் மாதையண்ணன் கையை விட்டுத் தூக்கி, துண்டால் துவட்டுவார்.

"இதுக்கு மாத்து மருந்து இல்லீங்களா?" என்று ஒருமுறை கேட்டார்.

"செத்த செல்லு திரும்ப வராதுங்கண்ணா."

அதை அவ்வளவு சுலபமாகச் சொன்னேன்.

எங்களிடம் இரண்டு குப்பிகள் இருந்தன: ஏ, பி. ஒன்றில் நஞ்சு, மற்றதில் வெறும் உப்புத் தண்ணீர். எதில் எது என்று எனக்கே தெரியக் கூடாது. தெரிந்தால் நான் விரும்பும் விடையை எலியிடம் பார்க்கத் தொடங்குவேன் அல்லவா? பேராசிரியர் அதைத் தாளில் எழுதி, கவரில் போட்டு, அரக்கு வைத்து பீரோவில் பூட்டியிருந்தார். கடைசி எலி முடிந்த பிறகுதான் பிரிக்க வேண்டும். இது மாதையண்ணனுக்கும் தெரியும். "பரீச்சைத் தாளு மாதிரிங்" என்பார்.

பதினான்காம் எலிக்கு மயக்கம் போதவில்லை. ஊசியைச் சொருகப் போன நேரம் அது உதறியது. நான் ஊசியோடு திரும்பினேன். எலியைப் பிடிக்க வந்த மாதையண்ணனின் இடது கட்டைவிரலில், கையுறையைத் தாண்டி ஊசி இறங்கியது.

ஒரு பொட்டு ரத்தம். குழாயடியில் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றார். விபத்துப் பதிவேட்டில் எழுதினால் விசாரணை வரும், ஆராய்ச்சி நிற்கும், மிச்ச எலிகளுக்கு வயது தாண்டிவிடும். "எழுத வேண்டாங்கண்ணா" என்றேன். "அது வெறும் உப்புத் தண்ணிதான்."

"உங்குளுக்கே தெரியாதுங்களே, அம்மிணி."

"விஷமாவே இருந்தாலும் அது எலி செல்லுலதான் ஒட்டும். மனுசனுக்கு ஒண்ணும் பண்ணாது."

"எலிக்கும் நமக்கும் ஒரே மாதிரி மூளைன்னுதானுங்களே இத்தனையும் பண்றோம்?"

அவர் விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டு, பதினான்காம் எலியைக் கூண்டில் விட்டார். பதிவேட்டில் எழுதவில்லை. இருவரும் யாரிடமும் சொல்லவுமில்லை.

நாலு மாதம் கழித்துக் கவரைப் பிரித்தோம். பதினான்காம் எலிக்கு எடுத்தது பி குப்பி. பி, உப்புத் தண்ணீர். பேராசிரியரின் அறையிலேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன், முடிவு நன்றாக வந்த சந்தோஷம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

விசாவுக்கு அலைந்துகொண்டிருந்த வாரம் அது. மறுநாளோ அதற்கு மறுநாளோ, மாதையண்ணன் என் மேசையருகே வந்து நின்றார்.

"கவர் பிரிச்சாச்சுங்களா, அம்மிணி?"

"ஆச்சுங்கண்ணா! நாம நெனச்ச மாதிரியே வந்திருக்குது" என்றேன். எந்த எலிக் கூட்டம் எத்தனை வினாடியில் மேடை ஏறியது என்று கணினியில் படம் காட்டினேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "நல்லதுங்" என்றார். காலிக் கூண்டுகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

உப்புத் தண்ணீர் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேனே என்றுதான் என் மனம் அதை முடித்துவைத்திருந்தது. அவர் கேட்க வந்தது எலியைப் பற்றி அல்ல என்பது ஏழு வருஷம் கழித்து, கோகிலவாணி அழைத்த இந்தக் காலையில்தான் எனக்கு உறைத்தது.

பஸ்ஸில் கேட்ட அன்றே அவள் மாதையண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறாள். அவர் மனைவி உண்ணாமலைதான் பேசியிருக்கிறார். ஏழு வருஷமாக ஒவ்வொரு நாள் சாயங்காலமும் அவர் வீட்டுக்குள் நுழைந்ததும், வரும் வழியில் இருந்த பஸ் நிறுத்தங்களை வரிசையாகச் சொல்வாராம். ஒன்று தப்பினால் சோறு இறங்காதாம். கிறுக்கு என்று உண்ணாமலை நினைத்திருக்கிறார். இரண்டு மாதம் முன்பு வையப்பமலை அருகே மொபட்டிலிருந்து விழுந்து மண்டையில் அடி. வெளிக்காயம் இல்லை. மூன்று வாரம் கழித்துத் தலைவலி, பகலெல்லாம் தூக்கம், இடது கால் இழுப்பு. நிறுத்தங்கள் ஒவ்வொன்றாக விட்டுப்போயின. அதன் பிறகுதான் ஊசி விஷயத்தையே மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

"சேலத்துல டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்லிட்டாருடி" என்றாள் கோகிலவாணி. "விழுந்த அடியில உள்ள ரத்தம் கட்டியிருக்கலாமாம். அதுதான்னா எடுத்துடலாமாம், சீக்கிரம் போனா. இவரு எந்திரிக்கவே மாட்டேங்கறாரு. 'செத்த செல்லு திரும்ப வராதுன்னு அம்மிணியே சொல்லியிருக்குது, எதுக்கு வீண் அலைச்சல்'ங்கறாரு. என்ன ஊசி அது? எங்கிட்டக்கூட நீ சொல்லல."

"உப்புத் தண்ணி, கோகிலா."



"அவருக்குத் தெரியுமா?"

"கவர் பிரிச்ச அன்னிக்குக்கூட நான் சொல்லல" என்றேன்.

"பாவி" என்றாள். "நான் போய்ச் சொன்னா, கவர் பிரிச்சது நீங்களான்னு கேப்பாரு. நீயே பேசு. இப்பவே பேசு. உண்ணாமலையக்கா நம்பர் அனுப்பறேன்."

பழைய நோட்டை ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். பதினான்கு, பி. பக்கத்தில் பேராசிரியரின் தாள். இரண்டையும் உண்ணாமலையின் எண்ணுக்கு அனுப்பினேன். வாட்ஸப்பில் ஒரே ஒரு சாம்பல் நிற டிக்; அங்கே நெட் இல்லை போல, போய்ச் சேரவில்லை. அழைத்தேன்.

இங்கே காலை பதினொன்று. அங்கே மதியம் தாண்டியிருக்கும். உண்ணாமலை கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கப் போகிறவர். இப்போதெல்லாம் போனை மாதையண்ணனின் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போகிறாராம், ஏதாவது ஆனால் அக்கம்பக்கத்தார் பண்ணைக்கு அழைக்கட்டும் என்று. அவருக்கோ காது பாதி. தூக்கம் வேறு.

நான்காவது தடவை முழுதாக அடித்து ஓய்ந்தது. கோகிலவாணிக்கு அடித்தேன், வகுப்பில் இருக்கிறாள் போல, எடுக்கவில்லை. மறுபடி உண்ணாமலையின் எண். முதல் வார்த்தையாக என்ன சொல்ல வேண்டும் என்று தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அவருக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்ல வேண்டும். கவர் பிரிச்சாச்சுங்கண்ணா. உப்புத் தண்ணிதானுங்கண்ணா. எந்திரிச்சு ஆஸ்பத்திரிக்குப் போங்க.

மணி போய்க்கொண்டிருக்கிறது. அவர் தலைமாட்டில்தான் அடிக்கிறது.