கருவாட்டுப் பையும் குகைச் சிப்பியும்

திங்கட்கிழமைகளில் நான் அகழாய்வுக்குப் புறப்பட்டால், கடலோரச் சாய்ந்தமருதில் எங்கள் வீட்டு வாசலிலேயே உம்மா கருவாட்டுப் பையோடு மறித்துவிடுவார்.

“உம்மா, நான் விருந்துக்குப் போகல்ல. ஆதிமனிசர் இருந்த குகையத் தோண்டப் போறன்.”

“குகையெண்டாலும் ஆக்கள் இருக்காங்கதானே மகள்? வெறுங்கையோட போற இல்ல. கொண்டு போ.”

குகை மேற்கே, காட்டுக்குள் இருந்தது. அங்கே வாழ்ந்த வேட்டைக்காரர்களுக்குக் கடற்கரை மனிதரோடு உறவு இருந்ததென்று காட்டிவிட வேண்டும் என்பது என் ஆசை, சரியாகச் சொன்னால் வெறி. நாட்டின் வேறு குகைகளில் கடற்சிப்பி கிடைத்திருந்தது. எங்கள் குகையோ நத்தை ஓடுகளாகவே தந்து என் பொறுமையைச் சோதித்தது. “இவங்க காட்டோடயே கிடந்த ஆக்கள், தங்கச்சி” என்பார் குழுத்தலைவர். மட்டக்களப்புக்காரர். நாங்கள் மரியாதையாக ‘சேர்’ என்போம்.

அப்படிப் பையோடு போன ஒரு திங்களன்று, மண் சலிக்கும் அரிதட்டில் ஒரு சிப்பி நின்றது. குட்டிக் கடற்சிப்பி, நடுவில் துளை! நான் கத்திய கத்தலில் வௌவால்கள் பறந்தன. சேர் சிப்பியைப் பார்க்கவில்லை. அரிதட்டின் காலில் நான் சாத்தி வைத்திருந்த பையைப் பார்த்தார். அதன் அடியிலிருந்து கடற்கரை மணல் ஒழுகிக்கொண்டிருந்தது.

“தங்கச்சி, இது ஆதிமனிசன்ட சிப்பியா, உங்கட உம்மாட சிப்பியா?”

எல்லோரும் சிரித்தார்கள். என் முகத்தில் ஈயாடவில்லை. கருவாட்டோடு வந்த சிப்பி என்றால் அதைப் பதிவில் சேர்க்கவே முடியாது. என் கடற்கரை உறவும் அத்தோடு சரி.

பையை ஜீப்பில் போட்டுவிட்டு, அந்த மண் வந்த குழிக்குள் இறங்கித் தூரிகையால் தட்டினேன். கல்லாய் இறுகிய சாம்பல் அடுக்குக்குள், பாதி புதைந்தபடி இன்னொன்று. அதே சிப்பி, அதே துளை.

“சேர்! ஒருத்தரும் தொடாதீங்க, வந்து பாருங்க!”

அவர் முழங்காலிட்டுக் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

“ஓம் தங்கச்சி. இது உம்மாட இல்ல.”

குழியிலிருந்து ஏறித் துள்ளியதில் தலை தாழ்ந்த குகைக் கூரையில் மோதியது. வீங்கிய நெற்றியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், நிறுத்த முடியவில்லை. யாரோ கடற்கரையில் கோத்த மாலை, யார் யார் கையிலோ மாறி, இந்தக் காட்டுக் கழுத்துக்கு வந்திருக்கிறது! பகல் சோற்றுக்குக் கருவாடு பொரித்தோம். சேர்தான் அதிகம் தின்றார்.

மாலையில் உம்மாவுக்கு ஃபோன் எடுத்து மூச்சுவிடாமல் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை.

“சிப்பிய மட்டுமா குடுத்தனுப்பியிருப்பாங்க மகள்? கருவாடும் குடுத்திருப்பாங்க. அதத் திண்டு முடிச்சிருப்பாங்க.”